சைரன் வைத்த பெயர்

எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரர் வந்து சேர்ந்த வருஷத்தைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் அவர் கோல் அடிக்காமல் கோட்டைவிட்ட பந்துகள்தான் வரும். அந்தப் பந்துகளின் எண்ணிக்கை மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும்.

சைரனைக் கேட்டால்தான் பதில் சட்டென்று வராது. அது பெரிய அதிசயம். ஏனென்றால் அவள் வாய் சும்மா இருந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

சைரன் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில் வைத்த பெயர். அப்போது அவளுக்குப் பத்து வயது. உருவம் ஒரு பிடிதான் இருப்பாள், ஆனால் வாயைத் திறந்தால் எதிர்ப்பக்க கேலரியில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். அவள் பிறந்து அழுத முதல் அழுகைக்கே பக்கத்து வார்டு நர்ஸ் ஓடி வந்தார் என்று அம்மா சொல்வாள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற இடத்தில்தான் அம்மாவுக்கு வேலை. அதனால் அந்தக் கதையை நம்பித்தான் ஆக வேண்டும்.

கிழக்கு கேலரியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கோஷமாக இருந்தாலும் முதல் சத்தம் சைரனுடையது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை கத்துவாள். மூன்று படி கீழே உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடை அண்ணன் தன் டிரம்மில் அதற்கு ஒரு தாளம் பிடிப்பார். அப்புறம்தான் கேலரி முழுக்கப் பாடும். அவள் ஆரம்பிக்காமல் டிரம் பேசாது. பக்கத்தில் அப்பா நிற்பார். அவர் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டர். வாரம் முழுக்கப் பேசாமல் வேலை செய்கிற மனிதர், மைதானத்தில் மட்டும் மகளோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்துவார்.

அந்த வருஷம் அணி கடைசி இடத்தில் கிடந்தது. அப்படியே முடிந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். புது ஆட்டக்காரரை வாங்க அணியிடம் வசதி இல்லை. அந்த நேரத்தில்தான் பேப்பரில் செய்தி வந்தது. தலைநகரத்துப் பெரிய அணியில் பல வருஷம் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டு ஆடியவர் நம் அணிக்கு வருகிறாராம். அதுவும் சும்மா.

"சும்மா எப்படிப்பா வருவாரு?" என்று சைரன் கேட்டாள்.

அப்பா விளக்கிச் சொன்னார். ஒரு அணியில் இருக்கிற ஆளைக் கூட்டி வர வேண்டுமென்றால் அந்த அணிக்கு விலை கொடுக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து, பழைய அணி அதைப் புதுப்பிக்கவில்லை என்றால், அந்த ஆள் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. கூப்பிடுகிற இடத்துக்குப் போகலாம். அவரை ஃப்ரீ ஏஜெண்ட் என்பார்கள்.

அம்மா துணி மடித்துக்கொண்டே, அவ்வளவு நல்ல ஆளை ஏன் அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்று கேட்டாள். முப்பத்து நாலு வயதாகிவிட்டது, முழங்காலில் ஆபரேஷன் வேறு என்று பேப்பரிலேயே போட்டிருந்தது. அப்பா அந்த வரியை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்தார்.

அவர் வந்த அன்று நல்ல மழை. மைதானத்து வாசலில் பாதி ஊர் குடையோடு நின்றது. அப்பா ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வாடகைக் காரில் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார் ஒன்பதாம் நம்பர். அப்பா எப்படியோ முண்டியடித்துப் போய் அவர் கையைக் குலுக்கிவிட்டார்.

"கை இரும்பு மாதிரி இருக்கே" என்றார் அவர்.

"வெல்டர் சார்!" என்று சைரன் பக்கத்திலிருந்து கத்தினாள். அவர் ஒரு நொடி திடுக்கிட்டு, அப்புறம் காதைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். இந்தக் குரல் கேலரியில் இருந்தால் தனக்குக் கவலையே இல்லை என்றார். அப்பாவுக்கும் மகளுக்கும் அன்று தலைகால் புரியவில்லை. இருவரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, ஆளுக்கு நாலு நாள் காய்ச்சலில் படுத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் அவர் கோல் அடிக்கவில்லை. புது இடம், பழக வேண்டாமா என்றார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் இல்லை. தரை மேடுபள்ளம் என்றார்கள். மூன்றாவதில், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நாலாவதில் முணுமுணுப்பு பேச்சாகிவிட்டது.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. எதிரணி கோல்கீப்பர் வழுக்கி விழுந்துவிட்டார். பந்து ஒன்பதாம் நம்பர் காலடியில். எதிரே வெறும் வலை. சும்மா தள்ளிவிட்டால் போதும். அவர் உதைத்தார், முழங்கால் மடங்கியது, பந்து கம்பத்துக்கு மேலே பறந்து சாலைக்கே போய்விட்டது.

மைதானம் மொத்தமும் வாயடைத்துப் போனது. அந்த அமைதியில் சைரனுக்கு நாக்கு அரித்தது.

"ஓ... சி!" என்று கத்தினாள். "ஓ... சி!"

கேலரி ஒரு நொடி திகைத்தது, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தது. பஞ்சர் கடை அண்ணன் டிரம்மில் அதற்குத் தாளம் பிடித்தார். டம்... டக். டம்... டக். ஆட்டம் முடிவதற்குள் அது பாட்டாகிவிட்டது. அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கூடவே பாடினார். வெளியே வரும்போது யார் யாரோ சைரனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல். அவ்வளவு உயரத்திலிருந்து அவள் ஊரைப் பார்த்ததே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் மேற்கு கேலரியும் பாடியது. ஒன்பதாம் நம்பரிடம் பந்து போனால் போதும், "ஓ... சி" என்று நாலாயிரம் பேர் ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அது மைதானத்தைவிட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் யார் கணக்கைத் தப்பாகப் போட்டாலும் அந்தப் பாட்டு. பேக்கரியில் தட்டைக் கீழே போட்டவனுக்கும் அந்தப் பாட்டு. யார் எதில் சறுக்கினாலும் ஊரே அதைப் பாடியது. இது எந்தப் பெண் வைத்த பெயர் தெரியுமா என்று சைரன் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

"நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது" என்றாள் அம்மா. அம்மா அதை வாரத்துக்கு நாலு முறை சொல்வாள், பால் பொங்கி வழிந்தால்கூடச் சொல்வாள். அதனால் சைரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அவருடைய வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, சாப்பாட்டு டப்பா எல்லாம் மேஜைமேல் இருந்தன. முகமூடியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. அது எப்போதும் தொழிற்சாலை ஆணியில்தான் தொங்கும்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். பதினோரு வருஷமாக வருஷா வருஷம் தானாகவே புதுப்பித்தவர்கள் இந்தத் தடவை புதுப்பிக்கவில்லை. அப்பாவோடு சேர்த்து முப்பது பேருக்கு வேலை போயிற்று. அம்மா டப்பாவைக் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

வீடு இப்படி அமைதியாக இருந்தால் சைரனுக்குத் தாங்காது. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாள்.

"அப்போ நீங்களும் ஃப்ரீ ஏஜெண்டாப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் முகமூடியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அப்பா பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். மூன்று வாரம் கழித்து ஒரு இரும்புப் பட்டறையில் சனிக்கிழமை டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அன்று வேலை. வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அப்பா சைரனையும் கூட்டிப்போனார். வழியெல்லாம் டெஸ்ட் எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு தகடு கொடுப்பார்களாம். அதை ஒட்ட வைக்க வேண்டும். அப்புறம் அந்த ஒட்டு இருக்கிற இடத்தை அழுத்தி வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் வேலை இல்லை.

பட்டறையில் ஏழெட்டு இளைஞர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். டெஸ்டுக்கு ஆள் வந்தால் அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அப்பாவைவிட எல்லோரும் பத்துப் பதினைந்து வயது இளையவர்கள்.

"வெளிச்சத்தைப் பார்க்காதே, கண்ணு கெட்டுடும். சுவத்தைப் பார்த்து நில்லு" என்று அப்பா சொன்னார். சைரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதனால் நடந்த எதையும் அவள் பார்க்கவில்லை. கேட்டாள்.

நன்றாகப் போகிற வெல்டிங்கின் சத்தம் அவளுக்குத் தெரியும். அடுப்பில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். முதலில் அப்படித்தான் கேட்டது. பாதியில் ஒருமுறை அறுந்து, திரும்ப ஆரம்பித்தது. அப்பாவுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும். மூன்று வார அலைச்சல்.

அப்போது பின்னாலிருந்து யாரோ மெதுவாக இரும்பு மேஜையில் தட்டினார்கள். டம்... டக். டம்... டக்.

"ஓ... சி" என்று ஒரு குரல் முனகியது. இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

சைரனுக்கு உடனே தெரிந்தது. அது அவளுடைய பாட்டு. அவள் எப்படி இழுத்தாளோ அதே இழுப்பு, அவள் நிறுத்திய இடத்தில் அதே நிறுத்தம். சுவரைப் பார்த்தபடி நின்ற அவளால் திரும்பவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

எண்ணெய் பொரிகிற சத்தம் கரகரத்தது. டப் என்று ஒன்று வெடித்தது. அப்புறம் சத்தமே இல்லை.

தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. வளைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மேஸ்திரி நல்ல மனிதர்தான். பசங்களை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். சொல்லி அனுப்ப மாட்டார் என்பது சைரனுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு நாற்பது நிமிஷ நடை. அப்பா தரையைப் பார்த்தே நடந்தார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு இடத்தில் சைரன் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை, ஆனால் பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. வாசலுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அடுத்த தடவை நான் மட்டும் போறேன். நீ வர வேணாம்."

அதற்குப் பிறகு அவர் இரண்டு இடத்துக்கு டெஸ்டுக்குப் போனார். தனியாகத்தான் போனார். இரண்டும் சரிப்பட்டு வரவில்லை. மைதானத்துக்கும் வருவதை நிறுத்திவிட்டார். சைரனும் போகவில்லை. ராத்திரி போர்வைக்குள் அழுதாள், அதுவும் சத்தம் வராமல். அம்மா ஒருநாள் இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலும் இல்லையே, ஏன் இப்படிப் பேசாமல் கிடக்கிறாள் என்று பயந்துபோனாள்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பதாம் நம்பர் ஞாபகம் வந்தார். அப்பாவுக்கு எட்டுப் பேர் முன்னால் ஒருமுறை நடந்தது, அவருக்கு நாலாயிரம் பேர் முன்னால் வாரா வாரம் நடக்கிறது.

பள்ளி விட்டதும் நேரே பயிற்சி மைதானத்துக்குப் போனாள். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"சார், அந்தப் பேரு... நான்தான் வெச்சேன்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு மழையில கேட்ட குரல். மறக்குமா?"

"கோபமா சார்?"

"கோபம்தான்."

பெரியவர்கள் இந்த மாதிரிக் கேள்விக்கு, சேச்சே, கோபமெல்லாம் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஐஸ் பையை இழுத்துக் கட்டினார். சைரன் அங்கேயே நின்றாள். ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஓடவில்லை. கட்டி முடித்துவிட்டு அவரே பேசினார்.

"எனக்குக் கேக்கிறது பெரிசில்லை. பதினாறு வருஷமா எல்லா வசவும் கேட்டாச்சு. ஆனா டீம்ல இருக்கிற பசங்களுக்கும் கேக்குதே. எனக்குப் பந்து வந்தா பாட்டு வருது, மைதானமே சிரிக்குது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து எவனும் என்கிட்டே பந்து தர்றதில்லை. பந்தே வராதவன் என்ன பண்ணுவான், சொல்லு?"

சைரனுக்கு இது தெரியாது. பாட்டு அவர் மனசை மட்டும்தான் தொட்டது என்று நினைத்திருந்தாள். அவர் காலுக்கு வர வேண்டிய பந்தையே அது பிடுங்கிக்கொண்டது. அப்பா கையிலிருந்த வெல்டிங் ராடையும் அப்படித்தான் பிடுங்கிக்கொண்டது.

இனிமேல் என்ன செய்யலாம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி, அதோடு ஒப்பந்தமும் முடிகிறது என்றார். பிறகு கையை ஊன்றி எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

அதற்கடுத்த நாளே பரீட்சை முடிந்து விடுமுறை விட்டார்கள். சைரனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. பாடாதீர்கள் என்று சொன்னால் ஊர் கேட்காது. குழந்தை கையில் இருக்கிற கத்தியைப் பிடுங்கினால் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும், வேறு ஒன்றைக் காட்டினால்தான் விடும். அதுபோல வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதுவும் பந்து அவரிடம் போவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பஞ்சர் கடைக்குப் போனாள். அண்ணன் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தப் பாட்டுக்கு டிரம் அடிக்க வேண்டாம் என்று கேட்டாள். அவர் சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதானே, அவ்வளவு தூரத்தில் அவருக்குக் கேட்கவா போகிறது என்றார்.

"கேக்கும்ணா. எங்க அப்பாவுக்குக் கேட்டுது."

பட்டறையில் நடந்ததை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னாள். சுவர், சத்தம், ஓட்டை விழுந்த தகடு எல்லாம் சொன்னாள். அண்ணன் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்க மறந்துபோனார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் அடிக்க மாட்டேன், ஆனால் கூட்டம் பாடினால் அது என் கையில் இல்லை என்றார்.

மத்தியானம் கிளம்பும்போது அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை என்றார்.

ஆட்டம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் பந்து ஒன்பதாம் நம்பரிடம் வந்தது. மேற்கு கேலரி பாட்டை ஆரம்பித்தது. கிழக்கு கேலரி வழக்கம்போல சைரனைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. டிரம்மும் பேசவில்லை.

"சைரனுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் கண் மைதானத்திலேயே இருந்தது. உயரத்திலிருந்து பார்த்தால் யார் எங்கே தனியாக நிற்கிறார் என்று நன்றாகத் தெரியும். இடதுபக்கம் ஆடுகிற பையனிடம் பந்து இருந்தது. நடுவில் ஒன்பதாம் நம்பர் யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றார். பையன் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பினான்.

"ஒன்... பது!" என்று கத்தினாள் சைரன். கம்பி அதிர்ந்தது. "ஒன்... பது!"

அவள் ஒருத்தி குரல் மட்டும் மைதானத்தில் தனியாகக் கேட்டது. கேலரியில் சிரிப்பு எழுந்தது. அடுத்த முறை அவர் தனியாக நின்றபோதும் கத்தினாள். அடுத்த முறையும் கத்தினாள். பின்வரிசையில் நாலைந்து பேர் அவளைப் பார்த்தே "ஓ... சி" என்று பாட ஆரம்பித்தார்கள். ஒருவர் கடலைத் தோலை அவள் தலைமேல் எறிந்தார். சைரனுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, மைதானம் மங்கலாகத் தெரிந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே புரியவில்லை. கை நடுங்கினால் தகடு எப்படி ஓட்டையாகும் என்று அப்போது நன்றாகப் புரிந்தது. மூச்சை இழுத்தாள், சத்தம் வரவில்லை.

"ஒன்... பது!"

அது அவள் குரல் இல்லை. கரகரத்த ஆண் குரல். கேலரிக்கு ஏறி வருகிற வழியில், பழைய தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவர் அவளைப் பார்க்கவில்லை, மைதானத்தைத்தான் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு முறை கத்தினார்.

கீழே டிரம் ஒருமுறை அதிர்ந்தது. டம்... டம். பஞ்சர் கடை அண்ணன் புதுத் தாளம் பிடித்துவிட்டார். முன்வரிசையில் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அப்புறம் ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். கேலரி முழுவதும் ஒன்றும் சேரவில்லை. மேற்குப் பக்கம் கடைசிவரை பழைய பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது.

ஆனால் இடதுபக்கப் பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பந்தைத் தள்ளினான். ஒன்பதாம் நம்பர் வாங்கி ஒரே உதை. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

"அய்யோ!" என்றது கேலரி.

அந்த வருஷம் முழுக்க அவருக்காக யாரும் அய்யோ என்று சொன்னதில்லை. சைரன் அப்பா பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டாள். மிச்ச ஆட்டம் முழுக்க இருவரும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். அன்று ஒன்பதாம் நம்பருக்குப் பதினான்கு தடவை பந்து வந்தது, அவள் எண்ணினாள். அதில் ஒன்றை அவர் தலையால் முட்டி அந்தப் பையனுக்கே திருப்பிக் கொடுத்தார். பையன் கோல் அடித்தான். அடித்துவிட்டு ஓடிவந்து அவரைத்தான் முதலில் கட்டிக்கொண்டான்.

இருந்தும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுப்போனார்கள். அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விட்டது. சிலர் நாற்காலியை உதைத்தார்கள், சிலர் அழுதார்கள். ஒன்பதாம் நம்பர் உள்ளே போகும்போது கேலரியைப் பார்த்துக் கை அசைப்பார் என்று சைரன் காத்திருந்தாள். அவர் அசைக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை.

அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள். இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. பாதி வழியில் சைரன் நின்றாள்.

"அப்பா, அன்னைக்குப் பட்டறையில... என்னாலதான்பா."

அப்பா கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நானும்தானே கூடப் பாடினேன்" என்றார். "அந்தாளு கையைப் பிடிச்சுக் குலுக்கினவன் நான். நானும் பாடினேன்."

அவள் கையை நீட்டினாள். இந்தத் தடவை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு. அவள் விடச் சொல்லவில்லை.

தெருமுனை வந்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"திங்கக்கிழமை ரயில் பெட்டிப் பட்டறையில டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உனக்கு லீவுதானே, கூட வர்றியா?"

சைரன் அவர் முகத்தையே பார்த்தாள். சும்மா கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

"வரேம்பா. சுவத்தைப் பார்த்து நிக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

"அய்யய்யோ" என்றார் அப்பா. "நீ வாயைத் திறக்கலேன்னாதான் எனக்குக் கை நடுங்கும்."